வீட்டுக் கோழிக்கு ஆண்டிபயாட்டிக் ஊசி: சட்டம் இருக்கிறது, மருத்துவர் எங்கே?

முட்டைக்கு அரசு வழங்கிவந்த உதவித் தொகை 2025 ஆகஸ்டு 1-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. கோழி இறைச்சிக்கான உதவித் தொகையும் விலைக் கட்டுப்பாடும் அதற்கு முன்பே, 2023 நவம்பர் 1-ஆம் தேதி, அகற்றப்பட்டுவிட்டன. 2022 ஜூன் மாதத்தில் உள்நாட்டுப் பற்றாக்குறை காரணமாக சிங்கப்பூருக்கான கோழி ஏற்றுமதியையே மலேசியா நிறுத்திவைத்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

விலை இப்படி ஏறி இறங்கும் காலத்தில், வீட்டின் பின்புறம் பத்துக் கம்பத்துக் கோழிகளை வளர்ப்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. பிள்ளைகளுக்குத் தினமும் முட்டை, பிள்ளை பெற்ற மகளுக்குச் சூப்பு, ஆடி மாதத்தில் முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்ட சேவல் எல்லாம் அந்தக் கூண்டிலிருந்தே வருகின்றன. தோட்டத்து லயங்களில் கோழி வளர்த்துப் பழகிய கைகள், தாமானுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடவில்லை.

ஆனால், கோழிக்கு நோய் வந்தால் யாரிடம் போவது? பக்கத்து டவுனில் உள்ள கிளினிக்கில் பூனைக்கும் நாய்க்கும்தான் வைத்தியம். இருபது, முப்பது ரிங்கிட் மதிப்புள்ள ஒரு கோழிக்காக அதைவிடக் கூடுதலாகக் கட்டணம் கட்ட எந்த வீட்டிலும் மனம் வராது. ஆகவே கேள்வி தீவனக் கடைக்குப் போகிறது: "அண்ணே, கோழி கொர கொரன்னு மூச்சு விடுது. என்ன ஊசி போடலாம்?"

பதில் ஒரு சிறிய பாட்டிலாக வருகிறது. சில நேரம் புலனக் குழுவில் ஒரு படமாக வருகிறது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள், அதன் பிறகு முட்டையைச் சாப்பிடலாமா என்ற நான்கு கேள்விகளில், முதல் கேள்விக்கு மட்டுமே பெரும்பாலும் பதில் கிடைக்கிறது.

மீதி மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் போடப்படும் ஊசியால், அந்தக் கோழியைவிட அதை வளர்க்கும் குடும்பத்துக்கே ஆபத்து அதிகம்.

சட்டம் சொல்வது என்ன?

ஆண்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. மனிதருக்கானாலும் விலங்குக்கானாலும், தகுதி பெற்ற மருத்துவர் அல்லது கால்நடை மருத்துவர் பரிசோதித்துக் கொடுக்க வேண்டும். இல்லையேல் அவர் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்தாளர் கொடுக்க வேண்டும். தீவன மூட்டைக்கும் கூண்டுக் கம்பிக்கும் நடுவில் வைத்து விற்க வேண்டிய சரக்கல்ல அது.

சில மருந்துகள் அதற்கும் அப்பாற்பட்டவை. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகைகள் ஆகியவற்றை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்கவே கூடாது. கோலிஸ்டின் மருந்தை 2019 ஜனவரி 1 முதல் கால்நடைகளுக்குப் பயன்படுத்த மலேசியா தடை விதித்தது.

கோலிஸ்டின் தடைக்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளுக்கு மருத்துவமனைகள் கடைசியாக நம்பியிருக்கும் மருந்து அது. அதையும் எதிர்த்து நிற்க உதவும் 'எம்.சி.ஆர்-1' என்ற மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் பன்றிகளிலும் கடை இறைச்சியிலும் கண்டறிந்து 2015 நவம்பரில் அறிவித்தனர். அந்த மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடியது என்பதே உலகைக் கலங்க வைத்தது. பண்ணையில் கொடுக்கப்படும் மருந்துக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் உள்ள தொடர்பு அப்போது வெளிச்சத்துக்கு வந்தது.

ஊசி கேட்கும் நோயா அது?

மருந்தைத் தேர்வு செய்வதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கேள்வி இது. வீட்டுக் கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் நோய்களில் பல, ஆண்டிபயாட்டிக் தொடவே முடியாத நோய்கள்.

வெள்ளைக்கழிச்சல் அல்லது ராணிக்கெட் எனப்படும் நோய்க்குக் காரணம் வைரஸ். பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இழுத்துக்கொள்ளுதல், இரண்டு மூன்று நாளில் கூண்டே காலியாதல் ஆகியவை அதன் அடையாளங்கள். பறவைக் காய்ச்சலும் வைரஸ்தான். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கருப்பாகப் பொருக்குக் கட்டும் கோழி அம்மையும் வைரஸ். அதைப் பரப்புவதில் கொசுவுக்குப் பெரும் பங்கு உண்டு. இவற்றுக்கு எத்தனை ஊசி போட்டாலும் வைரஸ் சாகாது. இடையில் நுழையும் வேறு கிருமிகளைத் தடுக்க மருத்துவர் சில நேரம் மருந்து கொடுப்பது தனி விஷயம்.

குஞ்சுகள் குறுகி நின்று இரத்தமாகக் கழிந்தால், பெரும்பாலும் அது காக்சிடியோசிஸ் எனும் ஒட்டுண்ணி நோய். அதற்கு ஆம்ப்ரோலியம், டோல்ட்ராசுரில் போன்ற வேறு வகை மருந்துகள் உள்ளன. தண்ணீரில் கலந்து கொடுப்பதே போதும். ஈரமான தரையைக் காய வைக்காவிட்டால் எந்த மருந்தும் நிலைக்காது.

பாக்டீரியா நோய்கள் என்று பார்த்தால், மூச்சில் கரகரப்பும் கண்ணில் நுரையும் வரவழைக்கும் மைக்கோபிளாஸ்மா சளி நோய், முகம் வீங்கி மூக்கிலிருந்து நாற்றத்துடன் நீர் வடியும் கொரைசா, நன்றாக இருந்த பெரிய கோழி திடீரென விழுந்து சாகும் கோழிக் காலரா, ஈ-கோலை தொற்று ஆகியவை முக்கியமானவை. ஆண்டிபயாட்டிக்கிற்கு வேலை இருப்பது இங்கேதான்.

சிக்கல் என்னவென்றால், மூச்சுத் திணறும் கோழியைப் பார்த்த மாத்திரத்தில் அது மைக்கோபிளாஸ்மாவா, ராணிக்கெட்டின் தொடக்கமா என்று அனுபவசாலிகளாலும் அடித்துச் சொல்ல முடியாது. இறந்த கோழியை அறுத்துப் பார்த்தோ, ஆய்வுக்கூடத்தில் சோதித்தோதான் தெரியும். தீவனக் கடையில் அது நடக்காது.

எந்த மருந்து?

பாக்டீரியாதான் என்று உறுதியானாலும், எல்லா பாக்டீரியாவுக்கும் ஒரே ஊசி கிடையாது.

பெனிசிலின், கிருமியின் வெளிச்சுவரைக் கட்டவிடாமல் கெடுத்து அதைக் கொல்கிறது. மைக்கோபிளாஸ்மாவுக்கு அந்தச் சுவரே இல்லை. ஆகவே வீட்டுக் கோழிகளில் சாதாரணமாகக் காணும் சளி நோய்க்குப் பெனிசிலின் ஊசி போடுவது, கதவே இல்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குவது போன்றது.

டெட்ராசைக்கிளின் வகையும் டைலோசினும் மைக்கோபிளாஸ்மாவுக்கு வேலை செய்யக்கூடியவை. ஆனால் டைலோசின், ஈ-கோலை போன்ற கிருமிகளிடம் எடுபடாது. ஜெண்டாமைசின் ஈ-கோலைக்கு வேலை செய்யும். அளவு மீறினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அந்த உறுப்பில் நீண்ட நாள் தங்கியும் விடும்.

இவற்றுக்கிடையே 'எல்லாவற்றுக்கும் கேட்கும்' என்று பெயர் வாங்கியிருப்பது என்ரோஃப்ளோக்சசின். அதன் வீச்சு அகலமானது என்பது உண்மை. கவலைக்கு இடம் கொடுப்பதும் அதுவே. கோழியின் உடலுக்குள் போனதும் அந்த மருந்தின் ஒரு பகுதி, மனிதர்களுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் சிப்ரோஃப்ளோக்சசினாகவே மாறிவிடுகிறது. பாட்டியின் சிறுநீர்த் தொற்றுக்கும், பிள்ளையின் டைபாய்டு காய்ச்சலுக்கும் தேவைப்படும் மருந்துக் குடும்பம் இது. மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமானவை என்று உலகச் சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ள மருந்துகளில், உயர்ந்த முன்னுரிமைப் பிரிவில் இதற்கு இடம் உண்டு.

அமெரிக்கா 2005-ஆம் ஆண்டிலேயே கோழிகளுக்கு என்ரோஃப்ளோக்சசின் கொடுப்பதைத் தடை செய்துவிட்டது. கோழி மூலம் மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பிலோபேக்டர் கிருமி, அந்த மருந்து வகைக்குப் பணியாமல் போனதே அதற்குக் காரணம். 2023 ஜூன் மாதத்தில் அந்நாடு இன்னொரு அடி எடுத்து வைத்தது. அதுவரை தீவனக் கடைகளில் சீட்டு இல்லாமல் கிடைத்துவந்த பெனிசிலின், ஆக்ஸிடெட்ராசைக்கிளின் போன்ற கால்நடை ஊசிகள் அனைத்தும் கால்நடை மருத்துவரின் சீட்டுக்குக் கீழ் கொண்டுவரப்பட்டன. மலேசியாவில் ஏட்டில் நெடுங்காலமாக இருக்கும் விதி, அங்கே கடை அலமாரி வரை வந்துசேர்ந்தது.

அளவு: கணக்கு தவறும் இடம்

கடும் நோயுற்ற கோழி தீனி எடுக்காது, தண்ணீரும் குடிக்காது. தண்ணீரில் கலந்த மருந்து அதன் வயிற்றுக்குப் போய்ச் சேராது. அந்த நிலையில் ஊசிதான் மருந்தை உறுதியாக உடலுக்குள் செலுத்தும். மருத்துவர்கள் சில நேரம் ஊசியைத் தேர்வு செய்வதற்கு இது நியாயமான காரணம். ஆனால் ஊசியில் போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

மருந்தின் அளவு கோழி ஒன்றுக்கு இவ்வளவு என்று அமைவதில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றே மருத்துவர் கணக்கிடுவார். பாட்டிலிலோ, ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்றுதான் எழுதியிருக்கும். இந்த இரண்டையும் இணைக்கும் இடத்தில்தான் தவறு நடக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு: கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், கோழியின் எடை 1.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தேவையான மருந்து 15 மில்லிகிராம். பாட்டில் 5 விழுக்காடு கரைசலானால் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் இருக்கும், 0.3 மில்லிலிட்டர் போட வேண்டும். அதே மருந்து 10 விழுக்காடு கரைசலாகக் கிடைத்தால் 0.15 மில்லிலிட்டர் போதும். போன முறை போட்ட அதே அளவை, பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் போட்டால் மருந்து இரட்டிப்பாகிவிடும்.

மாட்டுக்காகத் தயாரித்த மருந்தில் ஆபத்து இன்னும் பெரிது. நீண்ட நேரம் வேலை செய்யும் 20 விழுக்காடு ஆக்ஸிடெட்ராசைக்கிளின் ஊசி, 10 கிலோ எடைக்கு ஒரு மில்லிலிட்டர் என்ற கணக்கில் மாடுகளுக்குப் போடப்படுவது. ஒன்றரைக் கிலோ கோழிக்கு 'ஒரு மில்லி போதும்' என்று போட்டால், 10 கிலோ உடலுக்கான மருந்து அந்தச் சின்ன உடலுக்குள் போகிறது. அதாவது, மாட்டுக் கணக்கின்படியே ஆறரை மடங்குக்கு மேல். மேலும் அந்தக் கரைசல் தசையை எரிக்கக்கூடியது; போட்ட இடம் கன்றிப்போகும்.

0.15 என்பதை 1.5 என்று படித்தால் பத்து மடங்கு. நீரிழிவு நோயாளியின் இன்சுலின் ஊசியைக் கடன் வாங்கும் வீடுகளில் வேறொரு குழப்பம்: அதில் உள்ள 100 கோடுகள் சேர்ந்துதான் ஒரு மில்லிலிட்டர். 15 என்ற கோடு 0.15 மில்லிலிட்டரைக் குறிக்கும், 15 மில்லிகிராமை அல்ல.

அளவு கூடினால் கோழிக்குக் கேடு. குறைந்தால் ஊருக்கே கேடு. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார்: போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால், கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். கோழி எழுந்து நின்றதும் இரண்டாம் நாளே ஊசியை நிறுத்துவதும், பாட்டிலில் மீதமிருப்பதைப் பத்துக் கோழிக்கும் பங்கு போடுவதும் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும் வழிகளே.

ஊசி போடும் இடத்திலும் கவனம் வேண்டும். பறவைகளில் காலிலிருந்து திரும்பும் இரத்தத்தின் ஒரு பகுதி, உடல் முழுதும் சுற்றுவதற்கு முன் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும். அதனால்தான் மருத்துவர்கள் பொதுவாகத் தொடையைத் தவிர்த்து நெஞ்சுத் தசையையோ, கழுத்துத் தோலுக்கு அடியையோ தேர்வு செய்கிறார்கள். ஒரே ஊசியை வரிசையாகப் பத்துக் கோழிக்குக் குத்தினால், முதல் கோழியின் நோய் பத்தாவது கோழி வரை போகும்.

முட்டைக்குள் போகும் மருந்து

ஊசி போட்ட மறுநாள் அந்தக் கோழி முட்டை இட்டால் என்ன செய்வது? பல வீடுகளில் இந்தக் கேள்வியே எழுவதில்லை.

மஞ்சள் கரு ஒரே இரவில் உருவாவதல்ல. கோழியின் வயிற்றுக்குள் ஏறத்தாழ பத்து நாள்களில் அது அடுக்கடுக்காக வளர்கிறது. இன்று இரத்தத்தில் கலந்த மருந்து, அடுத்த வாரம் இடப்போகும் முட்டையின் கருவிலும் படிந்திருக்கலாம். கோழி குணமாகி ஓடியாடத் தொடங்கிய பிறகும், முட்டையில் மருந்து வந்துகொண்டிருக்கும்.

இதற்காகத்தான் விலக்கு நாள்கள் என்ற கணக்கு உள்ளது. கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் இறைச்சியையும் முட்டையையும் உண்ணக் கூடாது என்பதை, கோழிக்கென்று பதிவு பெற்ற மருந்தின் சீட்டு சொல்லும். சில மருந்துகளில் 'முட்டையிடும் கோழிக்குக் கொடுக்காதீர்' என்றே எழுதியிருக்கும். மாட்டு மருந்திலும் பன்றி மருந்திலும் கோழி முட்டைக்கான கணக்கு இருக்காது. கணக்கு இல்லை என்பதற்கு ஆபத்து இல்லை என்று பொருளல்ல. எத்தனை நாள் காத்திருப்பது என்பதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

'நன்றாக வேக வைத்தால் போய்விடும்' என்ற நம்பிக்கையும் சரியல்ல. சமைக்கும் சூடு கிருமியைக் கொல்லும். மருந்து எச்சத்தை அது முழுதாக அழிப்பதில்லை. குறிப்பாக என்ரோஃப்ளோக்சசின் குடும்பம் சூட்டைத் தாங்கும்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது வேறொரு பழக்கம். ஊசி போட்டும் கோழி தேறவில்லை என்றால், 'செத்து வீணாவதற்குள் அறுத்துவிடலாம்' என்று முடிவெடுப்பது. அந்தத் தருணத்தில்தான் கோழியின் உடலில் மருந்தும் உச்சத்தில் இருக்கும், கிருமியும் உச்சத்தில் இருக்கும்.

பறவைக் காய்ச்சலானால் அந்தக் கத்தியைப் பிடித்த கைக்கே ஆபத்து. மலேசியாவில் 2004-ஆம் ஆண்டு கிளந்தானில் முதன்முதலில் தலைகாட்டிய எச்5என்1, 2017-இல் மீண்டும் அதே மாநிலத்தில் வந்தது. கம்போடியாவில் 2023 பிப்ரவரியில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இந்த நோயால் உயிரிழந்தாள். அதன் பிறகு அந்நாட்டில் பதிவான மனிதத் தொற்றுகளில் பல, வீட்டில் நோயுற்ற, இறந்த கோழிகளைத் தொட்டவர்களுக்கும் சமைத்தவர்களுக்கும் வந்தவை.

பத்துக் கோழிக்கு ஏன் இந்தக் கெடுபிடி?

வளர்ப்பவர்கள் எழுப்பும் எதிர்க்கேள்வி நியாயமானது. 'பெரிய பண்ணைகளில் ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு மொத்தமாக மருந்து கலந்து கொடுக்கிறார்கள். என் கூண்டில் போடும் ஒரு ஊசியா உலகைக் கெடுக்கப்போகிறது?'

அளவில் பார்த்தால் பெரிய பண்ணைகளே முதல் பொறுப்பாளிகள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள், கால்நடைத் தீவனத்தில் ஆண்டிபயாட்டிக் கலப்பதை எதிர்த்து நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகின்றன. அந்த அழுத்தம் தொடர வேண்டும்.

ஆனால் பண்ணைக்கும் வீட்டுக் கூண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பண்ணையில் பதிவேடு இருக்கிறது, வந்துபோகும் மருத்துவர் இருக்கிறார், இறைச்சியில் எச்சம் சோதிக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்பதற்கு 1985-ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறை விதிகளில் வரம்பும் இருக்கிறது. வீட்டுக் கூண்டிலிருந்து சமையலறைக்குப் போகும் முட்டையை யாரும் சோதிப்பதில்லை. மருந்து போட்டவரின் பிள்ளையே அதன் முதல் பயனீட்டாளர். கூண்டைக் கழுவும் அம்மாவின் கையிலும், அங்கே ஓடி விளையாடும் குழந்தையின் காலிலும் அதே கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றன.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக, 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அத்தகைய தொற்று ஏதோ ஒரு வகையில் தொடர்புடைய மரணங்களையும் சேர்த்தால் எண்ணிக்கை 49 லட்சத்து 50 ஆயிரம். இதை 2030-க்குள் 10 விழுக்காடு குறைப்பதாக 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுப்பேரவையில் நாடுகள் உறுதி கூறின. விவசாயத்திலும் கால்நடையிலும் மருந்துப் பயன்பாட்டைக் குறைப்பதும் அந்த உறுதியில் அடங்கும்.

மருத்துவர் எங்கே?

சுகாதார அமைச்சும் கால்நடைத் தரப்பும் இணைந்து, மருந்தெதிர்ப்புக் கிருமிகளுக்கு எதிரான முதல் தேசியச் செயல்திட்டத்தை 2017 முதல் 2021 வரைக்கும், இரண்டாவது திட்டத்தை 2022 முதல் 2026 வரைக்கும் வகுத்தன. மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே அவற்றின் அடிப்படை. அடுத்த திட்டத்தை வரையும் வேளை நெருங்கிவிட்ட நிலையில், பத்துக் கோழி வளர்ப்பவருக்கு அதில் என்ன இடம் என்று கேட்பது பொருத்தமே.

'சீட்டு இல்லாமல் விற்காதே' என்று கடைக்காரரிடம் சொல்வது எளிது. சீட்டு எழுதித் தர ஆள் இல்லாத இடத்தில் அந்த உத்தரவு, விற்பனையைக் கடையிலிருந்து இணையச் சந்தைக்கு நகர்த்துமே தவிர நிறுத்தாது. அங்கே பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

உதவி முற்றிலும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கால்நடை சேவைத் துறைக்கு மாவட்ட அளவில் அலுவலகங்கள் உள்ளன. சிறு வளர்ப்பாளர்களுக்கு ஆலோசனை தருவதும் அவற்றின் பணிகளில் ஒன்று. இறந்த கோழியைச் சோதிக்க வட்டார ஆய்வுக்கூடங்களும், ஈப்போவில் கால்நடை ஆய்வுக் கழகமும் இயங்குகின்றன. பூனை, நாய் கிளினிக்கை மட்டுமே அறிந்த பலருக்கு, இப்படியோர் அலுவலகம் இருப்பதே தெரியாது.

தெரிந்தவர்களுக்கும் தயக்கம் உண்டு. குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்ப்பதற்கு ஊராட்சி மன்ற விதிகள் குறுக்கே நிற்கலாம். அதிகாரியிடம் போய் 'என் கோழிகள் சாகின்றன' என்று சொன்னால், கூண்டையே அகற்றச் சொல்வார்களோ, மீதிக் கோழிகளை அழித்துவிடுவார்களோ என்ற அச்சம். அந்த அச்சம் நோயை மறைக்க வைக்கிறது. மறைக்கப்பட்ட நோய்க்கு ஊசிதான் மருந்தாகிறது.

தகவல் மொழியும் ஒரு தடை. மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில், அரசுத் துண்டறிக்கை மலாயில். தோட்டத்திலிருந்து வந்த, தமிழ் மட்டுமே சரளமாக வாசிக்கும் மூத்தவர்தான் வீட்டில் கோழியைப் பார்த்துக்கொள்பவர். விலக்கு நாள் என்ற ஒரு சொல் அவர் மொழியில் அவரைச் சென்றடைந்தாலே பல முட்டைகள் தட்டுக்கு வராமல் தடுக்கப்படும்.

செர்டாங்கில் பிறந்த தீர்வு

ஊசியைப் பற்றிய பேச்சில் மறந்துபோகும் ஒரு மலேசியச் சாதனை இருக்கிறது. ராணிக்கெட் நோய்க்கான வழக்கமான தடுப்பு மருந்துகளைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கம்பங்களில் சுற்றித் திரியும் கோழிகளைப் பிடித்து ஒவ்வொன்றாகப் போடுவதும் கடினம். இதற்கு விடை தேடி 1980-களில் செர்டாங்கில் உள்ள, அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஐனி இடெரிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துடன் இணைந்து வி4 வகைத் தடுப்பு மருந்தை வளர்த்தெடுத்தனர். சூட்டைத் தாங்கும் அந்த மருந்தைத் தீனியிலேயே கலந்து கொடுக்கலாம்.

பத்துக் கோழி வளர்க்கும் ஏழைக்காகவே யோசித்துச் செய்யப்பட்ட மருந்து அது. ஆனால் தடுப்பு மருந்துப் பாட்டில்கள் பெரும்பாலும் நூறு, ஆயிரம் கோழிகளுக்கான அளவில் வருகின்றன. ஒரு வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. பத்து வீடுகள் சேர்ந்து, ஒரே நாளில், ஒரே பாட்டிலில் தங்கள் கோழிகளுக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகும். கோவில் திருவிழாவுக்கு ஒன்றுகூடி வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சமூகத்துக்கு இது முடியாத காரியமல்ல.

அடுத்த செயல்திட்டம் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. மாவட்ட அலுவலகங்கள் மாதம் ஒரு நாள் வீட்டுக் கோழிகளுக்கென்று ஒதுக்கலாம். நோயைத் தெரிவிப்பவரின் கூண்டுக்குத் தண்டனை இல்லை என்று உறுதி கூறலாம். தொலைபேசி வழியாக, படம் பார்த்து, ஊசி தேவையா இல்லையா என்றாவது சொல்லும் சேவையைத் தொடங்கலாம். துண்டறிக்கைகளைத் தமிழிலும் சீனத்திலும் அச்சிடலாம்.

அதுவரை வீடுகளில் கடைப்பிடிக்கக்கூடியவை சில:

• ஒரு கோழி மட்டும் சோர்ந்திருந்தால் உடனே தனியாக வையுங்கள். தண்ணீர், தீனி, எச்சத்தின் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

• ஓரிரு நாளில் பல கோழிகள் இறந்தால் ஊசியைத் தேடாதீர்கள், அறுக்காதீர்கள், விற்காதீர்கள். வெறுங்கையால் தொடாமல், மாவட்டக் கால்நடை சேவை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

• மருத்துவர் மருந்து எழுதினால் நான்கு விவரங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: மருந்தின் பெயரும் செறிவும், இத்தனை எடைக்கு எத்தனை மில்லிலிட்டர், எத்தனை நாள், இறைச்சிக்கும் முட்டைக்கும் எத்தனை விலக்கு நாள்.

• ஊகத்தில் எடை போடாமல் தராசில் நிறுத்துப் பாருங்கள். மருந்து போட்ட கோழியின் காலில் வண்ணக் கயிறு கட்டுங்கள். அந்தக் கயிறு அவிழும் நாள் வரை அதன் முட்டை சட்டிக்குப் போகக் கூடாது, மற்ற பிராணிகளுக்கும் போகக் கூடாது.

• மீந்த மருந்தை அடுத்த நோய்க்கென்று குளிர்பெட்டியில் சேர்த்து வைக்காதீர்கள். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, கிளினிக்கில் ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள்.

தன் பிள்ளைக்கு நல்ல முட்டை கிடைக்க வேண்டும் என்றுதான் ஒருவர் கோழி வளர்க்கிறார். அந்த முட்டையில் மருந்து கலந்துவிடாமல் காப்பதில் அவருக்குள்ள அக்கறை எந்த அமைச்சின் அக்கறைக்கும் குறைந்ததல்ல. நோய் வந்த அன்று, தீவனக் கடைக்குப் போகும் தூரத்துக்குள் ஒரு கால்நடை மருத்துவரும் இருந்தால், அவர் முதலில் அந்த மருத்துவரிடம்தான் போவார்.